ரத்தத்தில் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்: டர்பன் தமிழர்கள் கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓர் அரசு மருத்துவமனையில், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களுக்கான கிளினிக்கில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றேன். ஓய்வுக்குப் பிறகும் கோயில் மண்டபத்திலும் கல்யாணப் பந்தியிலும் இந்தக் கேள்விகள் என்னை விடவில்லை. ஆங்கிலத்தில் அச்சான பரிசோதனைத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு தமிழில் விளக்கம் கேட்பவர்களில் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் பிறந்து வளர்ந்த முதியவர்களும் உண்டு, தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த இளம் குடும்பத்தாரும் உண்டு. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு மருந்தின் அளவை யாரும் தாமாக மாற்ற வேண்டாம். அது உங்களை நேரில் பார்க்கும் மருத்துவரின் முடிவு.

அக்கா, தாளில் ஆன்டிபாஸ்போலிப்பிட் பாசிட்டிவ் என்று போட்டிருக்கிறது. இது என்ன வியாதி?

அந்தச் சொல் மட்டும் வியாதியைக் குறிப்பதில்லை. நோய்க்கிருமிகளை எதிர்க்க நம் உடல் உண்டாக்கும் புரதங்களுக்கு எதிர்ப்பொருள் என்று பெயர். சிலருடைய உடல், தன்னுடைய ரத்தத்திலேயே இருக்கும் சில புரதங்களுக்கு எதிராகவும் அவற்றை உண்டாக்கிவிடுகிறது. பாஸ்போலிப்பிட் என்பது நம் செல்களின் உறையில் உள்ள கொழுப்பு. அதோடு ஒட்டிக்கொள்ளும் புரதங்களைத் தாக்கும் எதிர்ப்பொருள்களே உங்கள் தாளில் குறிப்பிடப்பட்டவை. இவை ரத்தம் உறையும் வேலையில் குறுக்கிட்டு, தேவையில்லாத இடத்தில் ரத்தக்கட்டி உண்டாகும் வாய்ப்பைக் கூட்டுகின்றன.

ஆரோக்கியமாக நடமாடுகிறவர்களிலும் நூற்றுக்கு ஒருவர் முதல் ஐந்து பேர் வரை இந்த எதிர்ப்பொருள் இருக்கும். அவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுவதும் எதுவும் நேர்வதில்லை. எதிர்ப்பொருள் நிலையாக இருப்பதோடு, ரத்தக்கட்டியோ குறிப்பிட்ட வகைக் கர்ப்பச் சிக்கலோ ஏற்பட்டால்தான் ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் என்ற நோய்ப்பெயரைச் சூட்டுவார்கள். லண்டனில் கிரஹாம் ஹியூஸ் என்ற மருத்துவர் 1983இல் இதை விளக்கியதால் ஹியூஸ் சிண்ட்ரோம் என்றும் சொல்வார்கள். தாளில் வந்த முடிவு வேறு, உடம்பில் வந்த நோய் வேறு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்ற பதில்களைப் படியுங்கள்.

ஒரே விஷயத்துக்கு எதற்கு மூன்று பரிசோதனை? காசு பிடுங்கவா?

இல்லை. லூப்பஸ் ஆன்டிகோவாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், ஆன்டி-பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் ஆகிய மூன்றும் வெவ்வேறு வழியில் தேடுகின்றன. ஒன்றில் தென்படாதது இன்னொன்றில் தென்படலாம். முதலாவது, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளப்பது. மற்ற இரண்டும் எதிர்ப்பொருளின் அளவை எண்ணாகச் சொல்பவை, அவற்றில் ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம். என்று இரண்டு வகைகளைத் தனித்தனியாகக் குறிப்பார்கள்.

மூன்றையும் செய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மூன்றும் பாசிட்டிவாக இருப்பவருக்கு ஆபத்து மிக அதிகம். லூப்பஸ் ஆன்டிகோவாகுலன்ட் மட்டும் உறுதியாக இருந்தாலும் கவனம் தேவை. ஆன்டிகார்டியோலிப்பின் ஐ.ஜி.எம். மட்டும் சற்றே கூடியிருந்தால் அதற்குக் கொடுக்க வேண்டிய எடை குறைவு. ஆகவே யாராவது தமக்கும் பாசிட்டிவ் என்று சொன்னால், எது, எவ்வளவு என்று தெரியாமல் அவருடைய கதையை உங்களுடையதோடு ஒப்பிட முடியாது.

ஆன்டிகோவாகுலன்ட் என்றால் ரத்தத்தை உறைய விடாதது தானே? அது இருந்தால் எப்படி ரத்தம் கட்டும்?

நல்ல கேள்வி, பயிற்சி மருத்துவர்களும் இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடிக் குழாயில் நடப்பதும் உடலுக்குள் நடப்பதும் நேர் எதிரானவை. குழாயில் ரத்தம் உறைவதற்குப் பாஸ்போலிப்பிட் வேண்டும். எதிர்ப்பொருள் அதைப் பிடித்துக்கொள்வதால் உறைய நேரமாகிறது. பாஸ்போலிப்பிட்டைக் கூடுதலாகச் சேர்த்தால் நேரம் சரியாகிவிடுகிறது. அதை வைத்தே பரிசோதனைக் கூடம் கண்டுபிடிக்கிறது. இந்த வேலைக்குக் கண்ணாடி விரியன் பாம்பின் நஞ்சை மிக நீர்த்த அளவில் பயன்படுத்துகிறார்கள் என்றால் பலர் நம்புவதில்லை. உறைதலின் நடுப்படியிலுள்ள பத்தாம் காரணியை அந்த நஞ்சு நேரடியாகத் தூண்டிவிடும் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

உடலுக்குள்ளோ, அதே எதிர்ப்பொருள் ரத்தக்குழாயின் உட்சுவரிலும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களிலும் (பிளேட்லெட்) ஒட்டியிருக்கும் பீட்டா-2 கிளைகோபுரோட்டீனைப் பற்றி, அவற்றை முடுக்கிவிடுகிறது. முடுக்கப்பட்ட சுவரும் தட்டணுவும் ரத்தத்தை உறையத் தூண்டுகின்றன. கண்ணாடிக் குழாயில் நேரம் கூடியிருப்பதைப் பார்த்து இவருக்கு ரத்தம் நிற்காமல் ஓடும் என்று நினைத்து அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவதும் உண்டு. உண்மையில் அவர் அஞ்ச வேண்டியது பெரும்பாலும் ரத்தக்கட்டிக்குத்தான்.

எனக்கு லூப்பஸ் இல்லை என்கிறார்கள், ஆனால் லூப்பஸ் ஆன்டிகோவாகுலன்ட் இருக்கிறது என்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூப்பஸ் என்ற நோய் உள்ளவர்களிடம் முதன்முதலில் காணப்பட்டதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. லூப்பஸே இல்லாதவர்களிடமும் அது உண்டு. லூப்பஸ் உள்ளவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இந்த எதிர்ப்பொருள்கள் இருக்கும் என்பதால், மூட்டு வலி, வெயில் பட்டால் முகத்தில் தடிப்பு, சிறுநீரில் புரதம் போன்றவை இருக்கின்றனவா என்று மருத்துவர் ஒருமுறை கேட்டுப் பார்ப்பார். லூப்பஸ் இருந்தால் மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) வைத்திருப்பவர்களுக்கு ஒரு நன்மை: திட்டங்கள் கட்டாயம் செலவேற்க வேண்டிய நாட்பட்ட நோய்களின் பட்டியலில் அது இருக்கிறது.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள். முதல் தடவை தப்பாகப் பார்த்துவிட்டார்களா?

தப்பில்லை. காய்ச்சல், தொற்று, சில மருந்துகள் ஆகியவற்றால் இந்த எதிர்ப்பொருள் தற்காலிகமாக எழுந்து, சில வாரங்களில் அடங்கிவிடும். எச்.ஐ.வி. உள்ளவர்களிடமும் இது அடிக்கடி காணப்படுகிறது. ஆனால் அவர்களில் பலருக்கு அதனால் ரத்தக்கட்டி வருவதில்லை. அதனால் குறைந்தது 12 வார இடைவெளியில் இரண்டாம் முறையும் பாசிட்டிவாக இருந்தால்தான் நிலையானதாகக் கொள்வது என்று 2006இல் சிட்னி அளவுகோலில் வகுத்தார்கள். அதற்கு முன் ஆறு வாரம் போதும் என்றிருந்தது.

இங்கே பலர் இரண்டாம் முறை வருவதே இல்லை. கால் வீக்கம் வடிந்துவிட்டது, பஸ்ஸுக்குச் செலவு, வேலையில் லீவு கிடைக்காது என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டவருக்கு, வேண்டாத மருந்தை ஆண்டுக்கணக்கில் உட்கொள்வதோ வேண்டிய மருந்தை நிறுத்திவிடுவதோ நேரலாம். தேதியை எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள்.

ஒன்றை மட்டும் ரத்தம் எடுப்பவரிடம் சொல்ல மறக்காதீர்கள்: வார்ஃபரின், ஹெப்பாரின் அல்லது புதிய உறைவுத்தடுப்பு மாத்திரை எதையாவது எடுக்கிறீர்கள் என்றால், லூப்பஸ் ஆன்டிகோவாகுலன்ட் பரிசோதனையின் முடிவு குழம்பிவிடும். மற்ற இரண்டும் அப்படிக் குழம்புவதில்லை.

கர்ப்பக் கிளினிக்கில் சிபிலிஸ் பாசிட்டிவ் என்றார்கள். வீட்டில் பெரிய சண்டையே வந்துவிட்டது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இதைக் கேட்ட பெண்ணின் மாமியார் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. இப்படி வேறு குடும்பங்களிலும் நடந்திருக்கும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில் கர்ப்பிணிகள் அனைவரையும், உடலுறவால் பரவும் சிபிலிஸ் நோய்க்குப் பரிசோதிக்கிறார்கள். அது மிகவும் தேவையானது. அதற்குப் பயன்படும் முறைகளுள் ஆர்.பி.ஆர். என்பது கிருமியைத் தேடுவதில்லை. கார்டியோலிப்பின் என்ற பாஸ்போலிப்பிட்டுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடுகிறது. 1906இல் ஜெர்மனியில் வாசர்மன் கண்ட பரிசோதனையிலிருந்து வந்த வழி இது. பிற்காலத்தில் மாட்டின் இதயத்திலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்ததால், இதயத்தைக் குறிக்கும் அந்தப் பெயர் வந்தது.

ஆகவே சிபிலிஸே இல்லாமல், ஆன்டிகார்டியோலிப்பின் மட்டும் உள்ள பெண்ணுக்கும் ஆர்.பி.ஆர். பாசிட்டிவ் ஆகலாம். கிருமிக்கே உரிய எதிர்ப்பொருளைத் தேடும் டி.பி.எச்.ஏ. போன்ற இரண்டாவது பரிசோதனை நெகட்டிவாக இருந்தால் சிபிலிஸ் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அப்போது குடும்பத்தார் கணவனையோ மனைவியையோ சந்தேகிப்பதை விட்டு, மருத்துவரிடம் ஆன்டிபாஸ்போலிப்பிட் பரிசோதனை வேண்டுமா என்று கேட்க வேண்டும். இரண்டும் பாசிட்டிவாக இருந்தால், தயங்காமல் பெனிசிலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். குழந்தையைக் காப்பாற்றுவது அந்த ஊசிதான்.

ரத்தக்கட்டி வந்தால் எனக்கு எப்படித் தெரியும்?

அதிகம் வருவது காலின் ஆழத்திலுள்ள ரத்தக்குழாயில். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, நடக்கும்போது வலிக்கும். இரண்டு காலும் ஒரே அளவில் வீங்கினால் காரணம் பெரும்பாலும் வேறு. கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் திடீரென மூச்சு வாங்கும், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தும், சிலருக்கு இருமலில் ரத்தம் வரும். தமனிகளில் வந்தால் மூளையைத்தான் அதிகம் தாக்குகிறது: முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமை, பேச்சுக் குழறுவது. ஐம்பது வயதுக்கு உட்பட்ட ஒருவருக்கு, சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லாமல் பக்கவாதம் வந்தால் இந்த எதிர்ப்பொருளைத் தேடிப் பார்ப்பது வழக்கம்.

இப்படி ஏதாவது நேர்ந்தால் ஜி.பி. (குடும்ப மருத்துவர்) கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். 10177 அல்லது கைப்பேசியிலிருந்து 112 என்ற எண்ணுக்கு அழையுங்கள், அல்லது கிடைத்த காரில் நேரே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்க முடிவது, அறிகுறி தொடங்கி ஏறத்தாழ நாலரை மணி நேரத்துக்குள்தான். தொடையிலும் முழங்காலைச் சுற்றிலும் வலைபோன்ற ஊதாக் கோடுகள் தெரிவதும் இந்த நோயில் உண்டு; நம்முடைய நிறத்தில் அது எளிதில் கண்ணுக்குப் படாது, பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அது மட்டும் இருந்தால் அவசரமில்லை.

எதிர்ப்பொருள் இருக்கிறது, ஆனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மருந்து வேண்டுமா?

எதிர்ப்பொருள் தனியே கட்டியை உண்டாக்குவது குறைவு. பெரும்பாலும் அதற்கு இன்னொரு தூண்டுதல் தேவைப்படுகிறது: புகைபிடித்தல், நீண்ட படுக்கை, அறுவை சிகிச்சை, பிரசவம், ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை, தீவிரத் தொற்று, கட்டுப்படாத ரத்த அழுத்தமும் சர்க்கரையும். நம் சமூகத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று நான் சொல்லத் தேவையில்லை. அவற்றைக் கட்டுக்குள் வைப்பதும் சிகரெட்டை விடுவதும் எவரும் மருந்துச் சீட்டு இல்லாமல் செய்யக்கூடிய காரியங்கள்.

மருந்தைப் பொறுத்தவரை, மூன்றும் பாசிட்டிவாக இருப்பவருக்கும் லூப்பஸ் உள்ளவருக்கும் குறைந்த அளவு ஆஸ்பிரினை மருத்துவர் பரிந்துரைப்பதுண்டு. ஒரு பரிசோதனையில் மட்டும் சற்றே கூடியிருப்பவருக்குப் பலசமயம் மருந்து எதுவும் வேண்டியதில்லை. அவருக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே கட்டி வருகிறது. மூன்றும் பாசிட்டிவான கூட்டத்தில் அது ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்கு ஏறுகிறது. இரண்டாம் பதிலில் எது, எவ்வளவு என்று கேட்டது இதற்காகத்தான்.

ஒருமுறை காலில் கட்டி வந்தது, கரைந்துவிட்டது. இன்னும் எத்தனை வருடம் வார்ஃபரின்?

ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் உறுதியானவருக்கு வழக்கமான பதில், காலவரையின்றி என்பதே. மற்றவர்களுக்கு மூன்று அல்லது ஆறு மாதத்தில் நிறுத்துவதைப் பார்த்து நீங்களும் கேட்கிறீர்கள்; ஆனால் உங்களுக்குக் கட்டி வரக் காரணமாயிருந்த எதிர்ப்பொருள் இன்னும் உங்கள் ரத்தத்தில் இருக்கிறது. நிறுத்தினால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற எண் 2க்கும் 3க்கும் இடையில் இருக்கும்படி அளவை வைப்பார்கள்.

இங்கே கிடைக்கும் வார்ஃபரின் மாத்திரை பெரும்பாலும் 5 மில்லிகிராம். ஒன்றரை, ஒன்றேகால் என்று அளவு எழுதப்படும்போது சமையலறைக் கத்தியால் வெட்டி, உதிர்ந்த தூளை உள்ளங்கையில் சேர்த்து வாயில் போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். மருந்துக்கடையில் மாத்திரை வெட்டி சில ராண்டுக்குக் கிடைக்கும். திங்கள் ஒன்று, செவ்வாய் ஒன்றரை என்று நாள்கணக்கு இருந்தால் வாரப் பெட்டியில் முன்கூட்டியே போட்டு வையுங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் அதே நாளில் நினைவு வந்தபோது எடுக்கலாம். மறுநாள் இரட்டையாக எடுக்கக் கூடாது.

புதிய மாத்திரை இருக்கிறதாமே, மாதாமாதம் ரத்தம் எடுக்கவே வேண்டாமாம். அதற்கு மாறிக்கொள்ளலாமா?

ரிவரோக்சபன், அபிக்சபன் போன்றவற்றைச் சொல்கிறீர்கள். சாதாரணமாகக் காலில் கட்டி வந்தவர்களுக்கு அவை நல்ல மருந்துகள். ஆனால் மூன்று பரிசோதனையும் பாசிட்டிவான நோயாளிகள் 120 பேரை வைத்து இத்தாலியில் நடந்த ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. ரிவரோக்சபன் எடுத்த 59 பேரில் 7 பேருக்குப் பக்கவாதமோ மாரடைப்போ வந்தது. வார்ஃபரின் எடுத்த 61 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு ஐரோப்பிய மருந்து முகமை, இந்த நோய் உள்ளவர்களுக்கு, குறிப்பாக மூன்றும் பாசிட்டிவானவர்களுக்கு, இவ்வகை மாத்திரைகளைப் பரிந்துரைக்கவில்லை என்று அறிவித்தது.

தனியார் மருத்துவமனையில் அவசரத்தில் புதிய மாத்திரை தொடங்கப்பட்டு, பிறகு எதிர்ப்பொருள் தெரியவந்தவர்கள் சிலர் இங்கே இருக்கிறார்கள். நீங்கள் அப்படியானவராக இருந்தால் மாத்திரையை நிறுத்தாமல், பரிசோதனைத் தாளோடு மருத்துவரிடம் போய் இந்தக் கேள்வியை நேராகக் கேளுங்கள்.

ஒவ்வொரு புரட்டாசியிலும் என் ஐ.என்.ஆர். இறங்கிவிடுகிறது. விரதம் இருப்பது தப்பா?

விரதத்தில் தப்பில்லை, கீரையின் அளவு திடீரென மாறுவதுதான் காரணம். வார்ஃபரின், வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்து ரத்தம் உறைவதைக் குறைக்கிறது. முருங்கைக்கீரை, பசலை, தண்டுக்கீரை, மடும்பி (சேம்பு) இலை ஆகியவற்றில் அந்த வைட்டமின் மிகுதி. மற்ற மாதங்களில் வாரம் ஒருமுறை கீரை சாப்பிட்டவர், புரட்டாசியில் இறைச்சியை நிறுத்தித் தினமும் கீரைக்கு மாறினால் ஐ.என்.ஆர். இறங்கும், மாதம் முடிந்து பழையபடி மாறினால் ஏறும். காவடி விரதத்திலும் இதே கதை.

கீரையை அறவே விடச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவில் சாப்பிடுவதே வழி. விரதம் தொடங்கி ஒரு வாரத்திலும், முடிந்து ஒரு வாரத்திலும் ஐ.என்.ஆர். பார்த்துக்கொள்ளலாம். ரசத்தில் போடும் பூண்டும் குழம்பில் போடும் மஞ்சளும் பிரச்சினை செய்யா. அவற்றின் சாரம் என்று விற்கும் கேப்ஸ்யூல்களைத் தவிர்க்க வேண்டும்.

தலைவலிக்கு ஒரு கிராண்ட்-பா பொடி போட்டுக்கொண்டால் என்ன ஆகிவிடும்?

அந்தப் பொடியில் பாராசிட்டமாலும் கஃபீனும் மட்டுமன்றி ஆஸ்பிரினும் இருக்கிறது. வார்ஃபரினோடு ஆஸ்பிரின் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு உண்டாகும் அபாயம் கூடும். நம் வீடுகளில் தேநீரோடு தினமும் போடும் பழக்கம் உள்ள பெரியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிதன்று. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவையும் கூடாது. வலிக்குப் பாராசிட்டமாலை மட்டும், குறைந்த அளவில், சில நாளுக்கு எடுக்கலாம். மருத்துவர் வேண்டுமென்றே ஆஸ்பிரின் சேர்த்திருந்தால் அது வேறு விஷயம்.

இந்த நாட்டில் இன்னொரு முக்கியமான மருந்து ரிஃபாம்பிசின். காசநோய்க்கு அதைத் தொடங்கினால் வார்ஃபரின் வேலை செய்யாமல் போகும். அளவைப் பல மடங்கு கூட்ட வேண்டியிருக்கும். ஆறு மாதம் முடிந்து ரிஃபாம்பிசினை நிறுத்தியதும் அதே கூடிய அளவு ஆபத்தாக மாறி ரத்தம் கசியத் தொடங்கும். தொடங்கும்போது கவனிக்கிறவர்கள் முடிக்கும்போது மறந்துவிடுகிறார்கள். பேக்டிரிம், மெட்ரோனிடசோல் ஆகிய ஆன்டிபயாடிக்குகள் எதிர்த்திசையில் ஐ.என்.ஆரை ஏற்றும். எந்தப் புதிய மருந்தானாலும் வார்ஃபரின் அட்டையை முதலில் நீட்டுங்கள். கறுப்பு மலம், சிவந்த சிறுநீர், நிற்காத ஈறுக்கசிவு, தலையில் அடி ஆகியவை உடனே போக வேண்டிய காரணங்கள்.

மூன்று தடவை கரு கலைந்துவிட்டது. இனி எனக்குக் குழந்தை பிறக்குமா அக்கா?

பலருக்குப் பிறந்திருக்கிறது. பத்து வாரத்துக்கு முன் தொடர்ந்து மூன்று கருச்சிதைவு, பத்து வாரத்துக்குப் பின் காரணம் தெரியாத கருமரணம், கடுமையான கர்ப்பகால ரத்த அழுத்தத்தால் 34 வாரத்துக்கு முன் பிரசவம் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று நேர்ந்திருந்தால் இந்தப் பரிசோதனை தேவை. எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியில் கட்டி உண்டாக்குவதோடு, அது வேரூன்றுவதையே பாதிக்கிறது. கருத்தரிக்கத் திட்டமிடும்போதே குறைந்த அளவு ஆஸ்பிரின், கர்ப்பம் உறுதியானதும் தினமும் ஹெப்பாரின் ஊசி என்பதே சிகிச்சை. இப்படிச் செய்தவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் உயிருள்ள குழந்தையைப் பெறுகிறார்கள். யாருடைய தோஷத்தாலும் கரு கலையவில்லை என்பதை உங்கள் மாமியாரிடமும் சொல்லுங்கள்.

வார்ஃபரின் எடுப்பவர் கர்ப்பமானால் அது குழந்தையின் எலும்பையும் முகத்தையும் பாதிக்கக்கூடும். குறிப்பாக ஆறாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை. எனவே மாதவிடாய் தள்ளிப்போனதும் தாமதிக்காமல் கிளினிக்குக்கு வர வேண்டும், ஊசிக்கு மாற்றுவார்கள். கிளெக்சேன் என்ற ஹெப்பாரின் ஊசியை வயிற்றில் தாமே போட்டுக்கொள்ள ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். போட்ட இடத்தில் நீலம் பாரிப்பது இயல்பு, தேய்க்காதீர்கள். பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம் பாதுகாப்பு தேவை. வார்ஃபரினும் ஹெப்பாரினும் தாய்ப்பாலைக் கெடுப்பதில்லை. அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்குச் சிகிச்சை 1994 முதல் இலவசம். உள்ளூர் கிளினிக்கிலிருந்து தொடங்கி, தேவைப்பட்டால் இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மத்திய மருத்துவமனை வரை கடிதத்தோடு அனுப்புவார்கள். அங்கே கடிதம் இல்லாமல் நேராகப் போய்ப் பயனில்லை.

குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை எடுக்கலாமா?

ஈஸ்ட்ரோஜன் உள்ள கூட்டு மாத்திரை கூடாது. காப்பர் லூப் பாதுகாப்பானது. ஆனால் வார்ஃபரினால் மாதவிடாய் மிகும் பெண்களுக்கு அது தொந்தரவு தரலாம். மூன்று மாத ஊசியைப் பற்றி மருத்துவரிடம் கேட்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

விரல் குத்திப் பார்த்தால் 4.2, கையில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் 2.8. எது சரி?

லூப்பஸ் ஆன்டிகோவாகுலன்ட் உள்ள சிலருக்கு, விரலில் குத்திப் பார்க்கும் சிறு கருவி ஐ.என்.ஆர். எண்ணைக் கூட்டிக் காட்டும். மூன்றாம் பதிலில் சொன்ன அதே குழப்பம் இங்கேயும் தலைகாட்டுகிறது. கருவியின் எண்ணை நம்பி மருந்தைக் குறைத்தால், உண்மையில் பாதுகாப்புக் குறைந்துபோகும். கருவியில் எண் கூடியிருந்தால் கையில் எடுத்த ரத்தத்தைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி உறுதிசெய்யச் சொல்லுங்கள். இந்த நோய் உள்ளவர் அதைக் கேட்பது நியாயமே.

தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுப்பதாக நேர்ந்திருக்கிறேன். நாலு நாள் வார்ஃபரினை நிறுத்திக்கொள்ளவா?

வேண்டாம். நிறுத்தினால் அதன் பலன் முழுதும் போக ஏறத்தாழ ஐந்து நாள் ஆகும். மறுபடி தொடங்கினால் பலன் திரும்ப இன்னும் ஐந்து நாளோ அதற்கு மேலோ ஆகும். அந்த இடைவெளியில், விரதத்தில் தண்ணீர் குறைந்து, ஜனவரி பிப்ரவரி வெயிலில் வெறுங்காலில் நடக்கிறீர்கள். கட்டி வர இதைவிட ஏற்ற நேரம் கிடையாது. நிறுத்தாமல் குத்திக்கொண்டால் நாக்கிலும் கன்னத்திலும் முதுகிலும் ரத்தம் நிற்காது. விபூதி அப்பினால் நிற்கும் என்பது வார்ஃபரின் எடுப்பவருக்குப் பொருந்தாது.

பால்குடமும் அலகில்லாத புஷ்பக் காவடியும் முருகனுக்கு ஆகாதவை அல்ல. நான் கேட்ட வரையில், உடல்நிலையைச் சொல்லி நேர்த்தியை மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டவரைக் கோயில் குருக்கள் யாரும் மறுத்ததில்லை. எடுக்கும் நாளில் மாத்திரையை வழக்கமான நேரத்தில் உட்கொண்டு, வழியில் தண்ணீர் குடித்து, வீட்டார் ஒருவர் கூடவே நடக்கட்டும்.

இந்தியாவுக்கு விமானத்தில் போகலாமா?

போகலாம். டர்பனிலிருந்து சென்னைக்கு இடையில் விமானம் மாறித்தான் போக வேண்டும். மொத்தத்தில் ஒரு பகலோ அதற்கு மேலோ ஆகிவிடும். மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பது, கணுக்காலை அசைப்பது, தண்ணீர் குடிப்பது ஆகியவை போதும். ஜொகானஸ்பர்க்குக்கு நிற்காமல் காரோட்டிப் போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். புறப்படும் வாரத்தில் ஐ.என்.ஆர். பாருங்கள், மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள். அங்கே வேறு மில்லிகிராம் மாத்திரை கிடைக்கும் என்பதால் எண்ணிக்கையை வைத்து வாங்காதீர்கள்.

எனக்கு இருந்தால் என் பிள்ளைகளுக்கும் வருமா?

பெரும்பாலும் வராது. ஒரே குடும்பத்தில் சிலருக்கு இருப்பதுண்டு என்றாலும், அறிகுறி இல்லாத பிள்ளைகளுக்குப் பொதுவாகப் பரிசோதனை செய்வதில்லை. முதல் பதிலில் சொன்னபடி, ஒன்றும் ஆகாதவர்களிடமும் பாசிட்டிவ் வரும். வந்தால் வீட்டில் பயம் மட்டுமே மிஞ்சும்.

தட்டணு 70,000 என்று குறைந்திருக்கிறது. ரத்தம் கசியுமே, வார்ஃபரினை நிறுத்தலாமா?

இந்த நோயில் தட்டணு குறைவது வழக்கம். ஆனால் குறைந்த தட்டணு ரத்தக்கட்டியைத் தடுக்காது. மிதமாகக் குறைந்திருக்கும்போது உறைவுத்தடுப்பு மருந்தைத் தொடர்வதே நடைமுறை. மிகவும் இறங்கினாலோ ரத்தம் கசியத் தொடங்கினாலோ நிபுணர் அதை எடைபோட்டு முடிவெடுப்பார். நீங்களாகவே நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் மோசமான வழி.

பல் பிடுங்க வார்ஃபரினை நிறுத்திய என் சித்தப்பாவுக்கு ஒரு வாரத்தில் கிட்னி, நுரையீரல், மூளை எல்லாம் போய்விட்டது. அப்படியும் நடக்குமா?

அரிதாக நடக்கும். சில நாள்களுக்குள் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட உறுப்புகளின் சிறு ரத்தக்குழாய்கள் ஒரே சமயத்தில் அடைபடுவதை, தென்னாப்பிரிக்க மருத்துவர் ரொனால்ட் அஷர்சன் 1992இல் தனி நிலையாக விவரித்தார். அவர் பெயராலும் அதை அழைப்பார்கள். இந்த நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது, வந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் பலர் பிழைப்பதில்லை. அதைத் தூண்டுபவற்றில் முதலிடம் தொற்றுக்கு. அறுவை சிகிச்சையும் உறைவுத்தடுப்பு மருந்தை நிறுத்துவதும் அடுத்தவை. ஹெப்பாரின், ஸ்டீராய்டு, பிளாஸ்மா மாற்றம் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுப்பார்கள்.

ஐ.என்.ஆர். அளவுக்குள் இருந்தால் ஒரு பல்லைப் பிடுங்க வார்ஃபரினை நிறுத்தத் தேவையே இல்லை. பல் மருத்துவர் தையல் போட்டு, டிரானெக்சாமிக் ஆசிட் கலந்த நீரால் கொப்பளிக்கச் செய்து ரத்தத்தை நிறுத்துவார். பெரிய அறுவை சிகிச்சைக்கு நிறுத்த வேண்டியிருந்தால், இடைப்பட்ட நாள்களில் ஹெப்பாரின் ஊசி கொடுத்துச் சமாளிப்பார்கள். எந்த நாள் நிறுத்துவது, எந்த நாள் தொடங்குவது என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அந்தத் தாளை வார்ஃபரின் அட்டைக்குள் வையுங்கள்.